கூட்டல் குறி மாதிரி ஒரு திருநீறு

இந்த வாரம் ஏஐ பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னைக்கு எங்க அக்கா பொண்ணு கதை.

அவளுக்கு ஏழு வயசு. ஒரு புதன்கிழமை ஸ்கூல் விட்டு வந்ததும், "மாமா, கீழ் வீட்டுப் பாப்பா திருநீறைக் கூட்டல் குறி மாதிரி வெச்சுட்டு வந்தா. எல்லாரும் சிரிச்சோம். அழிச்சுட்டா"ன்னா. 'சிரிச்சோம்'ல அவளும் இருக்கா. அதுதான் சுருக்குன்னுச்சு.

"அது திருநீற்றுப் புதன்டா கண்ணு"ன்னு ஆரம்பிச்சேன். ஈஸ்டருக்கு முன்னாடி கத்தோலிக்கர்களோட தவக்காலம் அன்னைக்குத்தான் தொடங்குது. ஞாயித்துக்கிழமைகளை விட்டுட்டு எண்ணினா 40 நாள். இயேசு பாலைவனத்துல நோன்பிருந்த கணக்கு.

அந்தச் சாம்பல் எப்படி வருதுங்கறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. இயேசு ஜெருசலேமுக்கு வந்தப்ப மக்கள் பேரீச்ச ஓலையோட வரவேற்றாங்க. அந்த நினைவா வர்றது குருத்தோலை ஞாயிறு. நம்ம ஊர்ல அதுக்குத் தென்னங்குருத்து. பொள்ளாச்சியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு பேரீச்சைக்கு எங்க போறது? அந்த ஓலையைச் சிலுவையா மடிச்சு வீட்டுல வெச்சிருந்து, அடுத்த வருஷம் கோயில்ல திருப்பிக் குடுப்பாங்க. அதை எரிச்ச சாம்பல்தான் நெத்திக்கு. கொண்டாட்டத்துல ஆட்டின அதே ஓலை.

"எதுக்கு மாமா சாம்பல்?"

இங்கதான் மாட்டிக்கிட்டேன். கார்த்திகையில அவ அப்புச்சி, அதாவது எங்க அப்பா, இறந்துட்டார். பேரூர்ல நொய்யல்ல அஸ்தி கரைச்சப்ப இவளைக் கூட்டிட்டுப் போகல. ஊருக்குப் போயிருக்கார்னு சொல்லி வெச்சிருந்தோம். கோடுல 'பிறகு சரிபண்ணணும்'னு கமெண்ட் போட்டுட்டு மறந்துடுவோமே, அது மாதிரி.

சொல்லிட்டேன். "எல்லாரும் ஒரு நாள் சாம்பலாயிடுவோம். அதை மறக்காம, இருக்கற வரைக்கும் நல்லபடியா இருக்கணும்னுதான் வெச்சுக்கறாங்க. நம்ம திருநீறுக்கும் பெரியவங்க இதைத்தான் சொல்லுவாங்க."

கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அப்புச்சியுமா?"

"ஆமா சாமி."

அழுதா. அக்கா என்கிட்ட ரெண்டு நாள் பேசல. நியாயம்தான்.

ஆனா முகம் கழுவிட்டு அவளே கீழ் வீட்டுக்குப் போனா, சாரி சொல்ல. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வந்தா. அந்தப் பாப்பா அவளுக்கு ஈஸ்டர் கதை மொத்தமும் சொல்லியிருக்கா போல. செருப்பைக்கூட கழட்டாம கேட்டா: "மாமா, இயேசு மூணாம் நாள் எந்திரிச்சு வந்தாராம். அப்புச்சி எப்போ?"

என்கிட்ட பதில் இல்ல. உங்கள்ல யாராச்சும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தா, எப்படிச் சொன்னீங்கன்னு எழுதுங்க.