சிறுமூளையும் சித்தத்தின் அளவும்



பிடரிக்கு மேலே, பெருமூளையின் பின்புறத்து அடியில் ஒதுங்கிக் கிடக்கும் சிறுமூளை, மூளையின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கேயாயினும், மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடியைத் தன்னகத்தே கொண்டுள்ளது என்று பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் 2009-இல் கணக்கிட்டு வெளியிட்டனர். எண்ணிக்கை மட்டுமே பிரமாணம் ஆகிவிடாது. எனினும் இத்துணைப் பெரிய சேனை நடையைச் சீர்செய்வதற்கும் கை நடுங்காமல் காப்பதற்கும் மட்டுமே அமைந்ததா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

1824-இல் பிரெஞ்சு உடலியலறிஞர் ஃபுளூரான்ஸ், சிறுமூளை அகற்றப்பட்ட புறாக்கள் பார்க்கவும் கேட்கவும் வல்லனவாயிருந்தும் நடையிலும் பறத்தலிலும் ஒழுங்கிழந்து தவித்ததைக் கண்டு, இவ்வுறுப்பின் தொழில் இயக்கங்களை இசைவிப்பதே என்று நிர்ணயித்தார். முதலாம் உலக யுத்தத்தில், தலையின் பின்புறத்தில் குண்டுபட்ட சிப்பாய்களைப் பிரான்சுப் போர்முனையில் பரிசோதித்த பிரிட்டிஷ் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் அக்கொள்கைக்கு உறுதியான அஸ்திவாரம் இட்டார். மூக்கைத் தொடச் சொன்னால், காயம்பட்ட பக்கத்துக் கை இலக்கை நெருங்க நெருங்க நடுங்கி, அதைத் தாண்டிச் சென்றுவிடும். அவருடைய நோயாளி ஒருவர், தம் இடக்கை தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது என்றும், வலக்கைக்கோ ஒவ்வோர் அசைவையும் தாம் யோசித்துச் செய்யவேண்டியிருக்கிறது என்றும் கூறினாராம். எண்ணத்தையும் சிறுமூளையையும் ஒருங்கே தொட்ட அவ்வாக்கு, நெடுங்காலம் கைகால்களின் சாட்சியமாகவே வாசிக்கப்பட்டது.

1988-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் கருவியைக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பெயர்ச்சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வது ஒரு வேலை. அதற்கு இயைந்த வினைச்சொல்லைத் தேடிச் சொல்வது மற்றொன்று. நாவும் உதடும் அசைவது இரண்டிலும் ஒன்றுபோலவே. ஆயினும் வினையைத் தேடியபோது சிறுமூளையின் வலப்புறத்தில் இரத்த ஓட்டம் அதிகரித்தது. பெரும்பாலோர்க்கு மொழியாட்சி பெருமூளையின் இடப்பாகத்தில் அமைந்திருப்பதையும், இரு மூளைகளையும் இணைக்கும் நரம்புப் பாதைகள் குறுக்கே கடந்து செல்வதையும் அறிந்தவர்க்கு இதன் பொருத்தம் விளங்கும்.

பாஸ்டன் நகர மருத்துவர் ஜெரமி ஷ்மாமன், ஷெர்மன் என்னும் சக ஆய்வாளருடன் 1998-இல் இருபது நோயாளிகளின் நிலையை விவரித்தார். சிறுமூளை பழுதுற்ற அவர்களிடம் திட்டமிடும் ஆற்றல் குன்றியிருந்தது, சொற்கள் தடைப்பட்டன, சிலர் உணர்ச்சி மழுங்கியவராகவும், சிலர் இடமறியாது நடப்பவராகவும் மாறியிருந்தனர். பின்மடல் பழுதானவர்களிடம் அறிவின் குறைகளும், நடுப்பகுதி பழுதானவர்களிடம் உணர்ச்சியின் மாறுதல்களும் மேலோங்கின. அங்கங்களின் வேகத்தையும் அளவையும் திருத்துவதுபோலவே சிந்தனையின் வேகத்தையும் அளவையும் சிறுமூளை திருத்துகிறது என்பது ஷ்மாமனின் சித்தாந்தம். என் மனம் அதையே பெரிதும் ஏற்கிறது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் சர்ச்சையன்று. சிறுமூளையில் வளரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் கட்டியைச் சத்திரசிகிச்சையால் அகற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர், ஓரிரு நாள் கழித்துத் திடீரென்று பேச்சை முற்றும் இழந்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊமையாக, காரணமின்றி அழுதும் சிடுசிடுத்தும் கிடப்பதுண்டு. அதைப் பிடிவாதமென்றோ அச்சமென்றோ கருதிக் குழந்தையைக் கடிந்துகொள்வது பெருங்கொடுமை. கட்டியை அகற்றும் முன்பே பெற்றோரை அமரவைத்து இதனைப் பொறுமையாக விளக்குவதும், பேச்சு மீண்ட பின்னரும் அக்குழந்தையின் படிப்பையும் மனநிலையையும் ஆண்டுக்கணக்கில் கவனித்து வருவதும் அச்சிகிச்சையிலேயே அடங்கியவை.