மலிவு விலை: யார் வீட்டுக் காசு?

(விவசாயிகள் சங்கக் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

விதை விலை ஏறுகிறது. உர விலை ஏறுகிறது. ஆள் கூலி ஏறுகிறது. நாம் விளைவித்த பொருளுக்கு மட்டும் விலை சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இதற்கு மருந்து இருக்கிறது என்று பல வருஷமாகச் சிலர் சொல்லி வருகிறார்கள். "பெரிய பெரிய கம்பெனி வரட்டும், இடைத்தரகன் ஒழிவான், விவசாயிக்கும் நல்ல விலை, வாங்குறவனுக்கும் மலிவு விலை" என்கிறார்கள். ரெண்டு பக்கமும் லாபம் என்றால் நாமும் மாலை போட்டு வரவேற்கலாம். ஆனால் இந்தக் கம்பெனி பிறந்து வளர்ந்த ஊரில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு, அப்புறம் மாலை வாங்கப் போவோம்.

1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ரோஜர்ஸ் என்ற சின்ன ஊரில் சாம் வால்டன் என்பவர் ஒரு கடை திறந்தார். அதுதான் முதல் வால்மார்ட். இன்றைக்கு உலகம் முழுக்க அந்தக் கம்பெனியில் ஏறக்குறைய 21 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 68,000 கோடி டாலருக்கு மேல். எல்லாம் ஒரே மந்திரத்தில் வந்தது: "எங்கள் கடையில்தான் விலை குறைவு."

விலை குறைவு என்பது பொய் இல்லை. ஏழை ஜனங்களும் அதனால் மிச்சம் பிடித்தார்கள். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறைந்த அந்தக் காசு ஆகாயத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒருத்தர் மடியிலிருந்து எடுக்கப்பட்ட காசு அது.

ஒரு ஊறுகாய்க் கதை கேளுங்கள். விலாசிக் என்பது அமெரிக்காவில் பேர் பெற்ற வெள்ளரி ஊறுகாய்க் கம்பெனி. 1990களின் கடைசியில், நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான பெரிய ஜாடி ஊறுகாயை வால்மார்ட் 2 டாலர் 97 சென்ட்டுக்கு விற்றது. ஜாடி மலை மலையாக விற்றது. ஆனால் ஒரு ஜாடிக்குக் கிடைத்த லாபம் ஒன்றிரண்டு சென்ட்தான். அது மட்டுமா? பெரிய ஜாடி மலிவாகக் கிடைத்ததும், நல்ல லாபம் தந்த சின்ன பாட்டில் வியாபாரம் படுத்துவிட்டது. விலையைக் கொஞ்சம் ஏற்றித் தாருங்கள் என்று விலாசிக் கெஞ்சியது. வால்மார்ட் லேசில் இறங்கி வரவில்லை. 2001 ஜனவரியில் விலாசிக் திவால் மனு கொடுத்தது. திவாலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் விற்பனை கூடக்கூட நஷ்டமும் கூடும் என்ற பாடத்தை அந்த ஜாடி கற்றுக்கொடுத்தது.

யோசித்துப் பாருங்கள். ஊருக்கே பேர் தெரிந்த கம்பெனிக்கே இந்தக் கதி. ரெண்டு ஏக்கர் தக்காளி போட்ட நாம் அவன் வாசலில் நின்று என்ன பேரம் பேச முடியும்?

அடுத்தது தொழிலாளிகள். அமெரிக்காவில் வறுமையில் இருப்பவர்களுக்கு அரசு உணவு உதவி தருகிறது. நம்ம ரேஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, அந்த உதவி வாங்கும் தொழிலாளிகள் எந்தெந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார்கள் என்று சில மாநிலங்களில் கணக்கெடுத்தது. முன்வரிசையில் வால்மார்ட் இருந்தது. கம்பெனி கொடுக்காத கூலியை அரசாங்கம், அதாவது ஜனங்களின் வரிப்பணம், ஈடு கட்டுகிறது.

சங்கம் வைத்தால்? கனடாவில் கியூபெக் மாநிலத்தில் ஜோன்கியர் என்ற ஊர். 2004ல் அந்த ஊர் வால்மார்ட் ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். 2005ல் கடையையே இழுத்து மூடிவிட்டார்கள். ஏறக்குறைய 190 பேருக்கு வேலை போனது. ஊழியர்கள் விடவில்லை. 2014ல் கனடா உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நியாயம் கிடைக்க ஒன்பது வருஷம்!

2012 நவம்பரில் வங்கதேசத்தில் தஸ்ரீன் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். வால்மார்ட்டில் விற்கும் துணிகளும் அங்கே தைக்கப்பட்டது தெரிய வந்தது. எங்கள் அனுமதி இல்லாமல் சப்ளை செய்பவர் அங்கே வேலை கொடுத்துவிட்டார் என்றது கம்பெனி. விலையை மட்டும் மேலே இருந்து அழுத்துவார்கள். உயிருக்குப் பொறுப்பு மட்டும் கீழே தள்ளப்படும். பனியன் கம்பெனிக்குப் போய்வரும் நம்ம பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2012ல் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தது. தமிழ்நாட்டில் விட மாட்டோம் என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். முன்வாசலில் இவ்வளவு எதிர்ப்பு. ஆனால் 2018ல் 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட் இணைய வணிகக் கம்பெனியின் 77 சதவீதப் பங்கை வால்மார்ட் வாங்கியது. கொல்லைப்புறம் திறந்துதான் கிடந்தது!

"அப்போ மண்டிக்காரன் யோக்கியனா?" என்று ஒருத்தர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கமிஷன், கழிவு, எடைக் குறைவு என்று நாம் படாத பாடா? ஆனால் ஒரு மண்டி ஏமாற்றினால் அடுத்த மண்டிக்கு மூட்டையைத் தூக்கலாம். சந்தை முழுக்க ஒருத்தன் கைக்குப் போனால் எங்கே தூக்குவது? விக்கிறவன் ஆயிரம் பேர், வாங்குறவன் ஒருத்தன் என்றால், அவன் சொல்வதுதான் விலை. சுதேசிக் கம்பெனி செய்தாலும் இதே கதைதான். சண்டை நிறத்தோடு இல்லை, பிடியோடு.

இந்தப் பிடியைச் சட்டத்தால் தளர்த்த முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அழுகும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஆர்டரை ரத்து செய்யக் கூடாது என்கிறது அது. அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

ஆகவே நாம் கேட்பது பிச்சை அல்ல, உரிமை:

1. காய், பழம், பால், பூவுக்குப் பணம் தர நாள் கெடு வைத்துச் சட்டம் வேண்டும். கெடு தாண்டினால் வட்டி வேண்டும்.

2. எடையும் தரமும் விவசாயி கண் முன்னால் பார்க்க வேண்டும். கழித்தால் காரணம் எழுதித் தர வேண்டும்.

3. அறுவடை ஆன பிறகு வாங்க மறுத்தால் நஷ்ட ஈடு வேண்டும்.

4. 1999ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளை ஒன்றியம்தோறும் விரிவாக்க வேண்டும்.

5. கிடங்கிலும் கடையிலும் வண்டியிலும் உழைப்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் சங்க உரிமையும் வேண்டும். அவர்களும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஒத்தை ஆளாகப் போனால் அவன் விலை. ஊராகப் போனால் நம் விலை. இந்தத் துண்டறிக்கையைப் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராக வாருங்கள்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!