வயிற்றில் பை இருந்தால் தோல் புண்ணாகித்தான் தீருமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் எப்போது மைக் பிடித்தாலும் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்றுதான் பேசுவேன். இன்னைக்கு அதைப் பேசப் போறதில்லை. ஒரு வருகைப் பதிவேட்டில் ஆரம்பிக்கிறேன்.

ஒரு குழுவின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு உறுப்பினர் தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு வரவில்லை. நாலு தடவையும் அபராதம் எழுதியிருந்தார்கள். கேட்டதற்கு, "ஆபரேஷன் ஆச்சுங்க மேடம். இப்ப நல்லாத்தான் நடமாடறாங்க. ஆனா கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க" என்றார்கள். வீட்டுக்குப் போனேன்.

அந்த அக்காவுக்கு மலக்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து, தையல் ஆறும்வரை சிறுகுடலை வயிற்றின் மேல் திறந்து பை மாட்டியிருந்தார்கள். பை ஓரத்தில் கசிந்துகொண்டே இருந்தது. கசியும் இடத்தில் எல்லாம் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார். எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். பை நிறையக் கூடாது என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்திருந்தார்.

"பச்சை மிளகாய அரைச்சுப் பூசின மாதிரி எரியுது கண்ணு. வாடை வேற. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூட்டத்துக்கு வர்றது? ஆபரேஷன் பண்ணினா இப்படித்தான் இருக்கும்னு பொறுத்துக்கிட்டேன்" என்றார்.

சகோதரிகளே, அப்படித்தான் இருக்கும் என்பது தவறு. பையைச் சுற்றியுள்ள தோல், வயிற்றின் மற்றப் பக்கத்துத் தோல் போலவே இருக்க வேண்டும். சிவந்தாலோ எரிந்தாலோ அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைச் சரி செய்தால் புண்ணும் ஆறும். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, சமூகப்பணி படித்தவள். அந்த அக்காவுடன் மருத்துவமனைக்குப் போய், அங்கே பை மாட்டச் சொல்லித்தரும் நர்ஸிடம் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

ஏன் எரிகிறது?

வயிற்றின் மேல் தெரியும் குடலின் வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். நம் வாயின் உட்புறம் போல ஈரமாக, சிவப்பாக இருக்கும். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது லேசாக ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் சுற்றியுள்ள தோலுக்கு வலி தெரியும். சிறுகுடலிலிருந்து வருவது தண்ணியாக இருக்கும். சோற்றைச் செரிக்க வைக்கும் நீர் அதில் கலந்திருக்கிறது. அது தோலில் பட்டால் தோலையும் அரிக்கும். பெருங்குடலிலிருந்து வருவது கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் அரிப்பு குறைவு. எதுவானாலும் கசிவுதான் முதல் எதிரி. கசிவை மூடி வைத்தால் உள்ளே புண் பெரிதாகும்.

வராமல் தடுக்க

1. பையின் ஒட்டும் தட்டில் வெட்டும் ஓட்டை, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்கட்டும். ஆபரேஷன் முடிந்து 6 முதல் 8 வாரத்தில் வீக்கம் வற்றி ஸ்டோமா சிறுத்துவிடும். பழைய அளவிலேயே வெட்டினால் இடைவெளியில் மலம் தேங்கும். அந்த அக்காவுக்கு நடந்தது இதுதான். வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

2. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் பையைக் காலி செய்துவிடுங்கள். கனம் கூடினால் தட்டைப் பிடித்து இழுக்கும்.

3. தட்டை மாற்றும் நாளை மருத்துவமனையில் சொன்னபடி காலண்டரில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் 3, 4 நாளுக்கு ஒருமுறை இருக்கும். ஆனால் கசிந்தாலோ, உள்ளே அரித்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும். காலையில் சாப்பிடுவதற்கு முன் மாற்றுவது சுலபம்.

4. தட்டை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, மேலிருந்து கீழாக மெதுவாக உரியுங்கள். ஒட்டிக்கொண்டால் ஈரத்துணி வைத்து நனையுங்கள்.

5. வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். எண்ணெய், மஞ்சள், முகப்பவுடரும் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் தட்டு ஒட்டாது. ஒட்டாவிட்டால் கசியும், கசிந்தால் மறுபடி புண்.

6. தேய்க்காமல் ஒற்றி, நன்றாக உலர்த்திய பிறகு ஒட்டுங்கள். ஒட்டியதும் உள்ளங்கையை அதன் மேல் ஓரிரு நிமிடம் வைத்திருங்கள். அந்தச் சூட்டில் தட்டு நன்றாகப் பிடிக்கும். கழற்றிய தட்டைத் திரும்ப ஒட்டக் கூடாது.

7. பாவாடை நாடா ஸ்டோமாவின் மேல் இறுகாமல் மேலேயோ கீழேயோ தள்ளிக் கட்டுங்கள். வெயில் காலத்தில் பைக்குப் பருத்தித் துணியில் உறை தைத்துப் போட்டால் வேர்வை ஒட்டாது. நம்ம தையல் குழுவுக்கு இது பத்து நிமிட வேலை.

புண் வந்துவிட்டால்

எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்டோமாவை ஒட்டி மட்டும் சிவந்தால் பெரும்பாலும் கசிவு. தட்டின் வடிவத்திலேயே சிவந்து அரித்தால் அந்தப் பசை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஓரங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளோடு அரித்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு டாக்டர் தரும் மருந்துதான் போட வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் களிம்பு வேண்டாம்.

தோல் உரிந்து ஈரமாக இருந்தால், ஸ்டோமா பவுடர் என்று தனியாகக் கிடைப்பதை லேசாகத் தூவி, ஈரத்தை அது உறிஞ்சியதும் மிச்சத்தைத் தட்டிவிட்டுத் தட்டை ஒட்ட வேண்டும். புண்ணில் பவுடர் அப்பி நிற்கக் கூடாது, ஒட்டாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

ஸ்டோமா கருத்தாலோ கருநீலமானாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, வயிற்று வலி, வாந்தியோடு பையில் எதுவும் வராமல் நின்றாலோ, புண் ஆழமாகிச் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். சிறுகுடல் பை உள்ளவர்களுக்குத் தண்ணியாக அதிகம் போய், நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்தாலும் ஆபத்துதான். அதனால் தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

குழு என்ன செய்யலாம்?

அந்த அக்கா ஏன் பையை மாற்றாமல் இழுத்தடித்தார் தெரியுமா? பையின் விலை. "இன்னும் ரெண்டு நாள் ஓட்டலாம்" என்று மிச்சம் பிடித்தது புண்ணில் போய் முடிந்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் உள்கடன் தருகிறோம். பை வாங்கவும் அவசரக் கடன் தரலாம், இல்லையா?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் வீடு வீடாக வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களில் பலர் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அவர்களிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். சந்தேகம் வந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

தட்டை அளந்து வெட்டி, பவுடர் போட்டு ஒட்ட ஆரம்பித்த பிறகு அந்த அக்காவின் எரிச்சல் ஒரு வாரத்தில் நன்றாகக் குறைந்தது. அடுத்த கூட்டத்துக்கு வந்தார். வாசல் பக்கம் ஓரமாகத்தான் உட்கார்ந்தார். குழுத் தலைவி எழுந்து போய், "நடுவுல வாக்கா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். நாலு அபராதத்தையும் ரத்து செய்து தீர்மானம் எழுதினார்கள்.

உங்கள் குழுவில் யாராவது நாலு கூட்டம் வரவில்லை என்றால், அபராதம் எழுதும் முன்னால் ஒருமுறை வீட்டுக்குப் போய் விசாரியுங்கள்.