தாயின் கிண்ணத்தில் இருக்கும் சம்பளம்

(தோட்டத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடுகிறவர்களுக்கும், ஆபீசில் செக்ரோல் எழுதும் கிராணிமார்களுக்கும் ஆசை ஒன்றுதான்: நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக வாழவேண்டும். அதற்காகப் பள்ளிக்கூடம், புத்தகம் என்று பாடுபட்டுச் செலவு செய்கிறோம். ஆனால், அஸ்திவாரம் தாயின் வயிற்றிலேயே போடப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில், 1969 முதல் 1977 வரை நான்கு ஏழைக் கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இரண்டு கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், சிறு பிள்ளைகளுக்கும் புரதச் சத்துள்ள கஞ்சி கொடுத்தார்கள். மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம் கொடுத்தார்கள். விட்டமின்களை இரண்டிலும் சேர்த்தார்கள்.

கஞ்சி கிடைத்த பிள்ளைகள் மூன்று வயதுக்குள் கூடுதலாக உயர்ந்தார்கள். அதோடு முடியவில்லை. அவர்கள் பெரியவர்களான பின் எடுத்த கணக்கு 2008-இல் வெளிவந்தது. பிறந்தது முதல் இரண்டு வயதுவரை அந்தக் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி 46 சதவிகிதம் அதிகம்! மூன்று வயதுக்குப் பிறகு கிடைத்தவர்களுக்கு அந்த உயர்வு இல்லை. பெண்களின் கூலியில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பள்ளியில் அதிக காலம் படித்தார்கள்.

சம்பள உயர்வுக்காக நாம் எத்தனை பேச்சுவார்த்தை நடத்துகிறோம்! பிள்ளையின் நாளைய சம்பளத்தில் ஒரு பங்கு, தாயின் கிண்ணத்திலே இருக்கிறது. நியாயமான சம்பளமில்லாமல் அந்தக் கிண்ணத்தில் முட்டையும் மீனும் விழா என்பதும் உண்மை. ஆகவே இரண்டும் வேண்டும்.

நம் மலேசியாவிலும் 2019-இல் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 22 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. வெட்கப்பட்டுப் பயனில்லை, செய்யவேண்டியதைச் செய்வோம்.

கர்ப்பமென்று தெரிந்தவுடன் அரசாங்கக் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரைகளைக் கொடுப்பார்கள். அவற்றை அலமாரியில் அடுக்காதீர்கள். மலம் கறுத்தால் பயப்படவேண்டாம். அது இரும்பின் நிறம். மாத்திரையோடு தேநீர் குடிக்காதீர்கள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. கொய்யாப்பழமோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நல்லது. பிள்ளை வேண்டுமென்று நினைக்கும் பெண்கள் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்கவேண்டும். ஏனெனில் குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படை, கரு உண்டான முதல் 28 நாட்களுக்குள் அமைந்துவிடுகிறது.

ஆண்களே, வீட்டில் முதல் மீன்துண்டு கர்ப்பிணியின் தட்டுக்குப் போகட்டும். கிராணிமார்களே, கிளினிக் கார்டைப் படிக்கத் தெரியாத சகோதரிக்குப் படித்துச் சொல்லுங்கள். இதற்குப் பேச்சுவார்த்தை தேவையில்லை, இன்றே தொடங்கலாம்.