ஃபேன் பெல்ட்டும் பொதுப் பணியும்

(மண்டகப்பட்டில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

மண்டகப்பட்டில் பேச எழும் எவரும் இவ்வூர்க் குகைக் கோயிலை நினையாமல் இருத்தல் இயலாது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சாந்து ஆகிய நான்கும் இன்றியே பிரமன், சிவன், திருமால் என்னும் மூவருக்கும் இக்கோயிலைக் குடைவித்ததாகக் கல்லிலே பொறித்து வைத்தான். நான்கு பொருள்களை விலக்கியும் அக்கோயில் இன்றும் நிலைத்து நிற்கின்றது. நாம் இன்று பேச வந்ததோ, ஒரே ஒரு ரப்பர்ப் பட்டை அறுந்தால் நடுவழியில் நின்றுவிடும் மோட்டார் வண்டியைப் பற்றியதாகும்.

கோப்பு பார்க்கும் அலுவலருக்கு ஃபேன் பெல்ட்டைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தவறு செய்து கற்றுக்கொண்டோம் என்பதே நமது தகுதி. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நம் விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மறுநாள், பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்த மக்களுக்குச் சமைத்த உணவை ஏற்றிக்கொண்டு நமது வண்டி புறப்பட்டது. ஒரு வாரமாகவே அவ்வண்டி காலையில் கிளப்பும்போது 'கீச்' என்று கத்திக்கொண்டிருந்தது. ஓட்டுநர் அதை இருமுறை நம்மிடம் சொன்னார். “மழை ஓயட்டும், பார்த்துக்கொள்வோம்” என்றோம்.

பாதி வழியில் மீட்டர்ப் பலகையில் பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தலாமா என்று ஓட்டுநர் கேட்டார். மக்கள் பசியோடு காத்திருக்கிறார்களே என்ற பதற்றத்தில், செலுத்துமாறு சொன்னவர்கள் நாமே. சிறிது தொலைவு செல்வதற்குள் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது, வண்டி நின்றது. அறுந்தது சில நூறு ரூபாய் பெறும் பெல்ட். ஆனால் அதற்குப் பின்னும் ஓட்டியதால் இஞ்சின் தலைப்பகுதி வெப்பத்தில் வளைந்து, கேஸ்கட் எரிந்து, பழுதுபார்க்கும் செலவு பல்லாயிரம் ரூபாயாயிற்று. அருகிலிருந்த விவசாயி ஒருவர் தம் டிராக்டரில் உணவை ஏற்றிச் சென்று சேர்த்தார். பகலில் உண்ண வேண்டியவர்கள் பொழுது சாய்ந்த பின்னரே உண்டனர். பணம் போனதைவிட அதுவே நம் மனத்தை உறுத்துகின்றது.

இனி, இந்தப் பெல்ட் செய்யும் வேலை யாதெனப் பார்ப்போம். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்தில், வட்டாரங்களில் ஓடிய ஜீப்புகளின் பெல்ட் மூன்று பணிகளைச் செய்தது. இஞ்சினின் சுழற்சியை வாங்கி விசிறியையும், தண்ணீர்ப் பம்பையும், டைனமோவையும் சுற்றியது. விசிறியைச் சுற்றியதால் ஃபேன் பெல்ட் என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்தது. இஞ்சின் மெதுவாக ஓடும்போதும் போதிய மின்சாரம் தருவது அதன் சிறப்பு. இன்றைய கார்களில் பெரும்பாலும் விசிறிக்குத் தனி மோட்டார் உண்டு. ஆயினும் பழைய பெயர் போகவில்லை. ஆல்டர்னேட்டரை நம்மவர் இன்னும் டைனமோ என்றே அழைக்கின்றனர்.

பெல்ட் அறுந்தால் ஆல்டர்னேட்டர் நின்றுவிடும். அப்பால் விளக்கும், வைப்பரும், இஞ்சினின் மின்கருவிகளும் பேட்டரியின் சேமிப்பையே உண்ணும். சேமிப்புத் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். அதே பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுமாயின், தண்ணீர் ஓட்டம் நின்று இஞ்சின் சில நிமிடங்களிலேயே கொதிக்கும். ஆதலால் சிவப்பு விளக்கு எரிந்தவுடன் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுதலே முதற் கடமை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.

அடுத்து, பழுதைக் கண்டறியும் முறை. பானெட்டைத் திறந்து மூன்றில் எது என்று பாருங்கள். பெல்ட் இருந்த இடம் வெறுமையாக இருந்தால் அது அறுந்துபோயிற்று. பெல்ட் இருந்தும் தொளதொளவென்று இருந்தால், இறுக்கம் குறைந்து நழுவுகின்றது. நல்ல பெல்ட் இறுக்கமாகவே இருந்தும் விளக்கு எரிந்தால், குற்றம் ஆல்டர்னேட்டரிலோ வயரிலோ இருக்கலாம். அதற்கு ஆட்டோ எலக்ட்ரீசியனை நாடவேண்டும்.

அறுந்ததென்று தெரிந்ததும் புதியதை வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று எண்ணலாகாது. நெல் மூட்டையை எலி கடித்தால் சாக்கை மட்டும் மாற்றிவிட்டு எலியை விட்டுவிடுவோமா? ஏன் அறுந்தது என்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தாலும், கரகரவென்று ஒலித்தாலும் அதன் பேரிங் கெட்டுவிட்டது. அதை மாற்றாமல் போடும் புதுப் பெல்ட்டும் விரைவில் அறும். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா, மேலிருந்து ஆயில் சொட்டுகின்றதா என்பதையும் கவனியுங்கள். அறுந்த நூலும் துண்டுகளும் உள்ளே சிக்கியிருந்தால் முழுவதும் அகற்றிவிடுங்கள்.

இனி மாற்றும் முறை. இஞ்சின் ஆறிய பின்னரே கை வைக்கவேண்டும். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் உள்ள துண்டை எடுத்து வைத்துவிடுங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த வயரில் எந்நேரமும் மின்சாரம் உண்டு. ஸ்பேனர் அதிலும் இஞ்சினிலும் ஒருசேரப் பட்டால் தீப்பொறி பறக்கும். சில வண்டிகளில், இஞ்சின் அணைந்த பின்னும் மின்விசிறி தானே சுழலத் தொடங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய மாதிரி வண்டிகளிலும் பல டிராக்டர்களிலும், ஆல்டர்னேட்டரைத் தாங்கும் கீழ் போல்ட்டையும், நீள் துளைத் தகட்டில் உள்ள மேல் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை இஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட்டுக்கு இடம் கிடைக்கும். பழைய பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதே அளவில் புதியதை வாங்குங்கள். அதைப் புல்லிகளில் கையால் மாட்டவேண்டும். திருப்புளியால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் நூல் அறுந்து ஆயுள் குறையும். பின்னர் ஆல்டர்னேட்டரை வெளிப்புறமாக நெம்பி இறுக்கிப் போல்ட்டுகளை முடுக்குங்கள். பொதுவாக, நீண்ட பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழவேண்டும். மிகுதியாக இறுக்கினால் பேரிங் கெடும், தளர்ந்தால் நழுவும்.

புதிய கார்களில், வரிவரியாகப் பள்ளமிட்ட ஒரே நீண்ட பெல்ட் பல புல்லிகளைச் சுற்றி வளைந்து செல்லும். அது செல்லும் வழியை முதலில் தாளில் வரைந்து கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்தாலும் நன்று. இவற்றுள் பலவற்றில் வில்விசையுள்ள டென்ஷனர் இருக்கும். அதை ஸ்பேனரால் திருப்பிப் பிடித்தால் பெல்ட் தளரும். மாட்டியபின் மெல்ல விட்டால் தானே இறுகும். ஒவ்வொரு வரியும் அதனதன் பள்ளத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும்.

முடிவில் பேட்டரி வயரை மாட்டி, தண்ணீர் அளவைச் சரிபார்த்து இஞ்சினைக் கிளப்புங்கள். சிவப்பு விளக்கு அணையவேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்தால், பல வண்டிகளில் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். போல்ட்டால் இறுக்கும் பெல்ட் புதிதில் சற்று நீளுமாதலால், சில மணி நேரம் ஓடியபின் மீண்டும் இறுக்கம் பார்த்தல் அவசியம். கீச்சொலி கேட்டால் சோப்பும் பசையும் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

அன்பர்களே! வெடிப்பும், நூல் பிரிதலும், விளிம்பில் பளபளப்பும், கீச்சொலியும் பெல்ட் நமக்கு முன்கூட்டியே விடுக்கும் ஓலைகள். மாதத்தில் முதல் நாள் ஐந்து நிமிடம் செலவிட்டால் அவற்றைப் படித்துவிடலாம். ஆகவே ஊராட்சிகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். பொது வண்டி ஒவ்வொன்றிலும் அதற்குரிய எண்ணுள்ள பெல்ட் ஒன்றும், அதை மாற்றத் தேவையான ஸ்பேனர்களும் எந்நாளும் இருக்கட்டும். பெல்ட்டைப் பார்த்த தேதியும் மாற்றிய தேதியும் வண்டிப் பதிவேட்டில் ஏறட்டும். மூன்றாவதே முதன்மையானது: ஓட்டுநர் ஒரு குறையைச் சொன்னால், தலைவராயினும் அலுவலராயினும் அன்றைக்கே காது கொடுத்துக் கேளுங்கள்.

நாம் கேட்கத் தவறினோம். அதன் பலனைப் பள்ளிக்கூடத்தில் காத்திருந்த குழந்தைகள் அனுபவித்தார்கள். இப்பொழுது நமது வண்டியில் மாற்றுப் பெல்ட் ஒன்று எப்பொழுதும் இருக்கின்றது. கூட்டம் முடிந்தபின் ஓட்டுநர் அதை இவ்விடத்திலேயே கழற்றி மாட்டிக் காட்டுவார். அனைவரும் அருகில் வந்து பார்த்து, ஒருமுறை தாமே செய்தும் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.