கைப்பேசி நமது, கணக்கேடு யாருடையது?

(சிதம்பரத்தில் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டுறவைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கூட்டுறவு என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை நான்கு: நகைக்குக் கடன் தரும் வங்கி, உரமூட்டை அடுக்கிய கிடங்கு, அரிசி வழங்கும் நியாய விலைக் கடை, அதிகாலையில் பால் அளக்கும் சங்கம். இவற்றின் சிறப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்டது ஐந்தாவதான ஒன்று. கைப்பேசியின் வழியே நடைபெறும் வாணிபத்தில் உழைப்பவரே உடைமையாளராகவும் ஆக முடியுமா என்பதே அது.

குண்டு விழுந்த தூரம்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். வாங்கியது கோட்டையை மட்டுமன்று; கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுமோ, அவ்வளவு தூரத்து நிலமும் அவர்களுக்கே என்பது ஒப்பந்தம். சுட்டார்கள். எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம் கும்பினியின் ஊர்களாயின. குண்டு கிராமங்கள் என்ற பெயர் வந்த கதை இதுதான். விற்றவர் சம்மதித்தார், வாங்கியவர் சம்மதித்தார். அந்த ஊர்களில் உழுதவரையும் நெய்தவரையும் மீன் பிடித்தவரையும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று பீரங்கி முழங்கவில்லை. ஓசையின்றி நிற்கும் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டும் தூரமெல்லாம் புதியதோர் எல்லை வரையப்படுகிறது. கீழவீதியில் இட்லி வேகிறது. அண்ணாமலை நகர் விடுதியில் மாணவன் பசித்திருக்கிறான். சமைத்தவர் நம்மூர்க்காரர், சுமந்து செல்பவர் நம்மூர் இளைஞர், உண்பவரோ நம்மூரில் படிப்பவர். ஆனால் விலையையும் தரகையும் சுமைகூலியையும் முடிவு செய்கிற கணக்கேடு நம்மூரில் இல்லை. அதைத் திறந்து பார்க்கும் உரிமை இந்த மூவரில் ஒருவருக்கும் இல்லை.

நூறு ரூபாய்ச் சாப்பாட்டில் இருபது ரூபாய் தரகு என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது ரூபாய் போவதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும், கிள்ளைக் கடற்கரை மீனுக்கும் தரகு கொடுத்துப் பழகியவர்கள்தாம் நாம். ஆனால் பழைய மண்டிக்காரரின் முகம் தெரியும். அவரோடு வாதாடலாம், வாதாடி முடியாவிட்டால் அடுத்த மண்டிக்குப் போகலாம். புதிய மண்டிக்கு முகமே கிடையாது. நேற்று ஒரு கூலி, இன்று ஒரு கூலி. ஏன் என்று கேட்டால் விடை சொல்ல ஆள் இல்லை. ஒருவரை வேலையினின்று நீக்க மேலாளர் வந்து நிற்க வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் கைப்பேசித் திரையில் அவர் கணக்கு மூடப்பட்டிருக்கும். அவருக்கு அந்த நிறுவனங்கள் சூட்டியிருக்கும் பெயர் என்ன தெரியுமா? பங்காளி! பங்கு இல்லாத பங்காளி. இலாபத்தில் இல்லை, முடிவில் இல்லை, பெட்ரோல் செலவில் மட்டும் முழுப் பங்கு.

இந்த நிறுவனங்களால் பயனே விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. நள்ளிரவில் புகைவண்டியை விட்டிறங்கும் பெண், வண்டியின் எண்ணும் கட்டணமும் முன்கூட்டியே தெரிந்து ஏறுகிறார். சிறிய உணவகத்தின் பெயர் ஊர் முழுவதும் தெரிகிறது. இந்த வசதியை மக்கள் விடமாட்டார்கள். விட வேண்டும் என்று கேட்பதும் அறிவுடைமையன்று. கருவியை எதிர்ப்பது நம் வழியன்று. கருவி யாருக்குச் சொந்தம் என்று கேட்பதே நம் வழி.

குடையும் வீடும்

இணையவழித் தொழிலாளர்களுக்கென்று 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் அமைக்கப்பட்டது. வரவேற்கத்தக்க செயல். விபத்துக்கு உதவி வேண்டும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி வேண்டும், பதிவு வேண்டும், பாதுகாப்பு வேண்டும். ஆனால் தோழர்களே, வாரியம் என்பது மழைக்குப் பிடிக்கும் குடை. குடையின் கீழ் நிற்கலாம். குடித்தனம் நடத்த முடியாது. குடித்தனத்துக்கு வீடு வேண்டும். உழைப்பாளர்கள் தாமே கட்டி, தாமே ஆளும் வீட்டுக்குப் பெயர்தான் கூட்டுறவு.

“ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும் மூட்டை சுமக்கிறவர்களுக்கும் கணினி நிறுவனம் நடத்தத் தெரியுமா?” என்று சிலர் கேட்பார்கள். கேள்வி புதியதன்று. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் காசு சேர்த்துக் கடை திறந்தபோதும் ஊர் சிரித்தது. ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கு இலாபத்தில் பங்கு என்று அவர்கள் வகுத்த விதிகள் உலகெங்கும் சென்றன. நம் நாட்டிலும் 1904-ஆம் ஆண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர்களின் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கமும் தோன்றிவிட்டன.

கேரளத்தைப் பாருங்கள். வடகரைக்கு அருகே ஊராளுங்கலில், சமூகச் சீர்திருத்தக்காரரான வாக்படானந்தரின் வழிநின்ற கூலித் தொழிலாளர்கள் 1925-இல் ஒரு சங்கம் கண்டனர். சாதிக் கொடுமையை எதிர்த்ததற்காக நிலவுடைமையாளர்கள் வேலை தர மறுத்தபோது, தமக்குத் தாமே வேலை தேடிக்கொள்ள அமைத்த சங்கம் அது. மண் வெட்டினார்கள், சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள். அதே ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 2016-இல் கோழிக்கோட்டில் சைபர் பார்க் என்னும் கணினித் தொழில் வளாகத்தைத் திறந்தது. மண்வெட்டியில் தொடங்கிய சங்கம் கணினியில் வந்து நிற்கிறது! நடத்தத் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

1957-இல் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடி ஊழியர்களை வெளியேற்ற முற்பட்டபோது, ஏ. கே. கோபாலன் அவர்களின் தூண்டுதலால் அந்த ஊழியர்களே சங்கம் அமைத்தனர். பரிமாறியவர்கள் நிருவகித்தார்கள். இந்தியன் காப்பி ஹவுஸ் இன்றும் பல நகரங்களில் நடக்கிறது.

நம் மாவட்டமும் வெறும் நிலமன்று. சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. குறிஞ்சிப்பாடிப் பகுதித் தறிகளுக்குக் கூட்டுறவு புதிய சொல்லன்று. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இன்கோசர்வ் என்னும் கூட்டுறவுச் சேவைச் சங்கம் உண்டு; அதில் எங்களைச் சேருங்கள் என்பது தொழிலாளர்களின் போராட்டக் கோரிக்கைகளிலேயே இடம்பெற்ற ஒன்று. சங்கத்தில் உறுப்பினராவதன் மதிப்பை நம் தொழிலாளர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

நல்லவாடு தரும் பாடம்

கருவி ஊருக்குச் சொந்தமாக இருந்தால் என்ன நேரும்? நமக்கு வடக்கே, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே, நல்லவாடு என்ற மீனவர் சிற்றூர் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுவைப் பகுதியில் ஊர் மக்களைக் கொண்டே தகவல் மையங்களை நடத்தத் தொடங்கியது. கடலலையின் உயரத்தைக் கணினியில் பார்த்து ஒலிபெருக்கியில் சொல்வது அந்த மையங்களின் அன்றாட வேலைகளுள் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைப் பற்றிச் சிங்கப்பூரிலிருந்து நல்லவாட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை முழக்கினர், மக்கள் கரையை விட்டு ஓடினர், உயிர்கள் தப்பின.

எச்சரிக்கை வந்தது வெளிநாட்டிலிருந்துதான். ஆனால் அதை முழக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. திறவுகோல் ஊரார் கையில் இருந்தது. பொதுவுடைமையான கருவிக்கும் பிறருடைமையான கருவிக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு காலையில் விளங்கிற்று.

பால் காட்டும் வழி

சிதம்பரத்தில் நூறு ஓட்டுநர்கள் கூடித் தனியே ஒரு செயலியை எழுதி, கணினிகளை வாங்கி, பெரிய நிறுவனங்களோடு மோத முடியுமா? முடியாது. முடியும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. பெருமுதல் கொண்டவர் ஆண்டுக்கணக்கில் நட்டம் தாங்குவார், கட்டணத்தைக் குறைப்பார், எதிரி சோர்ந்து விழுந்ததும் ஏற்றுவார்.

ஆகவே பாலைப் பாருங்கள். இரண்டு மாடு வைத்திருக்கும் அம்மையார் ஒருவரால் பாலைக் குளிரூட்டி, பொட்டலம் கட்டி, சென்னையில் விற்க முடியுமா? முடியாது. ஆனால் கிராமச் சங்கம் பாலை அளந்து வாங்குகிறது. மாவட்ட ஒன்றியம் குளிரூட்டிப் பதப்படுத்துகிறது. மாநில இணையம் ஆவின் என்ற பெயரில் விற்கிறது. 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்கிய முறை இது. மூன்று அடுக்கு, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒவ்வொரு வேலை.

அதே முறையை இங்கே கையாளலாம். சிதம்பரம், கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் என்று ஊருக்கொரு சங்கம். அதில் ஓட்டுநர், உணவு சுமக்கும் இளைஞர், சிறு உணவகத்தார், வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கும் பெண்கள் உறுப்பினர். மாவட்ட ஒன்றியம் குறைகளைக் கேட்கட்டும், கணக்கைத் தணிக்கை செய்யட்டும். மாநில இணையம் ஒரே செயலியை எழுதி எல்லாச் சங்கங்களுக்கும் வழங்கட்டும். இது கனவன்று. ஐரோப்பாவில் மிதிவண்டியில் பொருள் சுமக்கும் தொழிலாளர் சங்கங்கள் கூப்சைக்கிள் என்ற கூட்டமைப்பின் வழியே ஒரே மென்பொருளைப் பகிர்ந்துகொள்கின்றன. அதைக் கொண்டு தொழில் நடத்தும் உரிமை கூட்டுறவுகளுக்கே என்பது அதன் விதி. நியூயார்க் நகரில் ஓட்டுநர்களின் கூட்டுறவு 2021-இல் தன் செயலியை ஓடவிட்டது.

பணம் செல்லும் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையை நடத்துவது, வங்கிகள் சேர்ந்து அமைத்த இலாப நோக்கமற்ற நிறுவனம். அதில் பூக்காரம்மாவும் தரகின்றிப் பணம் பெறுகிறார். பணத்துக்குப் பொதுப்பாதை போட முடிந்த நாட்டில், வேலைக்குப் பொதுப்பாதை போட முடியாதா?

அரசாங்கம் செய்ய வேண்டியது உண்டு. தொடக்க முதலில் பங்கு தரலாம்; மருத்துவமனை, விடுதி, அலுவலகம் ஆகியவற்றின் வண்டி வேலைகளைச் சங்கங்களுக்கு வழங்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் மாணவர்களுக்குச் சங்கத்தின் செயலியே பயிற்சிக் களமாகலாம். ஆனால் நிருவாகம் உறுப்பினர் கையைவிட்டுப் போகக் கூடாது. 2025-இல் பெரிய கூட்டுறவு நிறுவனங்கள் முன்னின்று வாடகைக் காருக்கென்று பன்மாநிலக் கூட்டுறவு ஒன்றைப் பதிவு செய்தன. நல்லதா, கெட்டதா என்று என்னைக் கேட்டால், ஒரே உரைகல்லைத்தான் காட்டுவேன்: வண்டி ஓட்டுகிறவர் தம் வாக்கால் நிருவாகக் குழுவை மாற்ற முடியுமா? முடியுமானால் அது கூட்டுறவு. முடியாதானால் பெயர் மட்டுமே கூட்டுறவு.

நம் நோயும் நம் கடமையும்

இனி, கசப்பானதையும் சொல்லியாக வேண்டும். கூட்டுறவு என்றால் மக்கள் முகம் சுளிப்பது ஏன்? வேண்டியவர்க்குக் கடன், வேண்டாதவர்க்கு அலைச்சல் என்ற நினைவால். தேர்தல் இன்றித் தனி அலுவலர்களின் கீழ்ச் சங்கங்கள் கிடந்த காலங்களால். 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். எந்தக் கட்சி ஆண்டபோதும் சங்கத் தலைவர் நாற்காலி, தோற்றவருக்கு ஆறுதல் பரிசாகவும் உழைத்தவருக்குச் சன்மானமாகவும் கருதப்பட்டதை இந்த அவையில் எவரும் மறுக்க மாட்டீர்கள்.

ஆகவே ஊழியர்களாகிய உங்களிடம் நான் கேட்பது கடினமான ஒன்று. இந்தப் புதிய சங்கங்களைக் கட்டுங்கள், கைப்பற்றாதீர்கள். உறுப்பினரைச் சேர்த்துக் கொடுங்கள். பட்டியலில் உங்கள் பெயரை நுழைக்காதீர்கள். வண்டி ஓட்டாதவர் ஓட்டுநர் சங்கத்துக்குத் தலைவராக வேண்டாம். அவர் நம் கொடியைப் பிடித்தவரானாலும் வேண்டாம். வேறு கொடி பிடிக்கும் ஓட்டுநருக்கும் அங்கே ஒரு வாக்கு. நம் ஓட்டுநருக்கும் ஒரே வாக்கு. மாதந்தோறும் வரவு செலவு அனைவரும் படிக்கும் தமிழில் ஆட்டோ நிறுத்தத்தில் ஒட்டப்பட வேண்டும். ஒருவர் கணக்கை மூடுவதானால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். அவர் சொல்லைக் கேட்க உறுப்பினர் குழு இருக்க வேண்டும். இந்த மூன்று விதிகள் இல்லையேல், தரகரின் பெயர் மாறுமேயன்றித் தரகு மாறாது.

வேலையைச் சிறிதாகத் தொடங்குங்கள். ஒரு நிறுத்தம், ஒரு விடுதி, பத்து உணவகம். வருகிற அழைப்புகளை ஒரு பொதுத் தொலைபேசி எண்ணில் வாங்கி, ஒரு பொது ஏட்டில் எழுதுங்கள். செயலி பிறகு வரும். ஏட்டை ஒன்றாக எழுதப் பழகாதவர்களுக்குச் செயலி வந்தும் பயனில்லை.

அன்று குண்டு எங்கே விழுந்தது என்பதை அந்த ஊர்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றன. நிற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு வாக்கு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, சங்கம் அமைக்கும் உரிமை இருக்கிறது. கையில் அதே கருவியும் இருக்கிறது. உழைப்பு நமது, ஊர் நமது, கணக்கேடும் நமதாகட்டும் என்று கூறி விடைபெறுகிறேன்.