எல்லை கடந்த திருப்பணி

(கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)

 

யாகசாலைப் புகை இன்னும் அடங்கவில்லை. கும்பநீர் விமானத்தில் வீழ்ந்தபோது எழுந்த முழக்கம் நம் செவிகளில் இன்னும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றது. இத்தகைய நன்னாளில் ‘நாடுகளிடையே நல்லுணர்வு வளர்தல்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளார்கள். இதனைக் கேட்ட அன்பர் சிலருக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கலாம். ‘நாட்டுக்கு நாடு தூது அனுப்புவதும் உடன்படிக்கை செய்வதும் அரசாங்கத்தாரின் வேலையாயிற்றே, திருக்கோயிலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்பதே அவ்வையம்.

அன்பர்களே! தூது என்பது நம் சமயத்துக்குப் புதியதன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பொருட்டுப் பரவை நாச்சியார் திருமனைக்குத் திருவாரூர் வீதியில் நள்ளிரவில் தூது நடந்தவன் நம் பெருமான். பாண்டவர் பொருட்டுத் தூது சென்றவன் கண்ணன். பிணங்கியவரை இணக்குவிக்கும் பணியை இறைவனே மேற்கொண்டான் என்றால், அப்பணி கோயிலுக்குப் புறம்பானது என்று எவ்வாறு கூறுவது? வரலாற்றை நோக்குமிடத்தும், நாடுகளிடையே நட்பு வளர்த்த தூதுவர்களுள் திருக்கோயிலும் ஒன்று என்பது புலனாகின்றது. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சோழநாட்டு நாகப்பட்டினத்திற்குச் சென்றால் போதும்.

நாகைக் காரோணம் மூவர் முதலிகளும் பாடிய திருத்தலம். வலையில் முதலில் அகப்பட்ட மீனை இறைவனுக்கென்று கடலிலேயே விட்ட அதிபத்த நாயனார் வாழ்ந்த ஊர். அவ்வூர் பெரிய துறைமுகமாகவும் விளங்கிற்று. கிழக்கே கடாரமும் ஸ்ரீவிஜயமும் ஆண்ட சைலேந்திர மரபு மன்னர்களின் மரக்கலங்கள் அங்கு வந்து நின்றன. அம்மன்னர்கள் பௌத்த சமயத்தினர். அவர்களுள் ஒருவனாகிய சூளாமணிவர்மன் நாகையில் ஒரு புத்தப் பள்ளி எடுக்க விரும்பினான். அப்போது சோழநாட்டை ஆண்டவன் முதலாம் இராசராசன். தஞ்சையில் இராசராசேச்சரம் எடுத்த பெருஞ்சைவன். சிவபாதசேகரன் என்று விருதுப்பெயர் பூண்டவன். அவன் அயல்நாட்டானுக்கு இடம் தந்தான். சூளாமணிவர்மன் தொடங்கிய பள்ளியை அவன் மைந்தன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் முடித்து, தந்தையின் பெயரால் ‘சூளாமணிவர்ம விகாரம்’ என்று வழங்கச் செய்தான்.

இராசராசன் இடம் தந்ததோடு நிற்கவில்லை. தன் ஆட்சியின் 21ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரை அப்பள்ளிக்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவ்வூரின் வருவாய் ஆண்டொன்றுக்கு 8,943 கலத்துக்கும் மேற்பட்ட நெல். பெண்யானையை நடத்தி எல்லை வகுத்து, அதிகாரிகள் கையொப்பமிட்டு, கோயில் நிலத்துக்குச் செய்யும் முறைகள் யாவும் குறைவறச் செய்யப்பட்டன. அவனுக்குப் பின் முடிசூடிய இராசேந்திரன் தந்தையின் அறத்தைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தான். 21 ஏடுகள் கொண்ட அச்செப்பேட்டுத் தொகுதி, டச்சுக்காரர் நாகையில் கோட்டை கொண்டிருந்த காலத்தில் ஹாலந்து நாட்டை அடைந்து, லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று பெயர் பெற்றது.

சைவ மன்னன் புத்தப் பள்ளிக்கு ஊர் அளித்தான். பௌத்த மன்னன் என்ன செய்தான்? நாகைக் காரோணத் திருக்கோயிலில் உள்ள இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் அதனைக் கூறுகின்றன. கடாரத்து அரசனின் அதிகாரிகள் அக்கோயில் இறைவனுக்கு விளக்குகளும் அணிகலன்களும் பொன்னும் வழங்கினார்கள். அப்பொன் ‘சீனக்கனகம்’ என்று கல்வெட்டிற் குறிக்கப்பட்டுள்ளது. எண்ணிப் பாருங்கள்! பொன் சீனத்தது, கொடுத்தவன் கடாரத்தான், ஏற்றுக்கொண்டவர் நாகைச் சிவபெருமான். அந்த ஒரு சொல்லில் மூன்று நாடுகள் கூடி நிற்கின்றன.

இந்த நட்பில் வணிக நோக்கமும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கப்பல்கள் தடையின்றி வரவேண்டும், சுங்கம் பெருகவேண்டும் என்னும் கருத்து இரு திறத்தார்க்கும் இருந்திருக்கும். எனினும், வணிகத்துக்கு மட்டுமாயின் ஒரு பண்டசாலை போதுமே! அவரவர் வழிபாட்டை மற்றவர் மதித்தபோதுதான் வாணிக உறவு நட்புறவாக உயர்ந்தது.

சூளாமணிவர்மன் இந்நெறியைச் சீனத்திடமும் கையாண்டான். கி.பி. 1003இல் அவன் தூதுவர் சீனப் பேரரசரை அடைந்து, பேரரசரின் நீண்ட வாழ்வுக்காகத் தம் நாட்டில் ஒரு புத்தர் கோயில் எடுத்திருப்பதாகவும், அதற்கு ஒரு பெயரும் மணிகளும் அருள வேண்டும் என்றும் வேண்டினர். பேரரசர் பெயர் சூட்டி, மணிகளும் வார்த்து அளித்தார் என்று சீன வரலாற்று ஏடுகள் கூறுகின்றன.

அன்பர்களே! இங்கு ஒரு கடிய சோதனையைக் கூறியாக வேண்டும். நட்பு நெடுநாள் நிலைக்கவில்லை. கி.பி. 1025ஐ ஒட்டி இராசேந்திரன் அலைகடல் நடுவே பலகலம் செலுத்திக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் வென்றான். தந்தையின் நண்பர் மரபு மைந்தனின் பகையாயிற்று. அரசர் வரலாறு மட்டும் படிப்போர் கதை இத்துடன் முடிந்தது என்றே கருதுவர்.

ஆனால் கதை முடியவில்லை. போர் நிகழ்ந்து ஏறத்தாழ 65 ஆண்டுகள் சென்றபின், கி.பி. 1090இல், கடாரத்து அரசனின் தூதுவர் இருவர் முதலாம் குலோத்துங்கனின் அவைக்கு வந்தனர். நாகையில் உள்ள தங்கள் பள்ளிகளுக்குரிய ஊர்களைச் சில வரிகளினின்றும் நீக்கிச் செப்பேடு செய்து தரவேண்டும் என்பது அவர்தம் விண்ணப்பம். குலோத்துங்கன் அவ்வாறே அளித்தான். அப்பள்ளிகளுக்கு அந்நாளில் வழங்கிய பெயர்களைக் கேளுங்கள்: ஒன்று இராசராசப் பெரும்பள்ளி; மற்றொன்று இராசேந்திர சோழப் பெரும்பள்ளி. கடாரங் கொண்ட இராசேந்திரனின் பெயரையே கடாரத்தார் பள்ளி ஒன்று தாங்கி நின்றது! வாள் அறுத்த உறவை மீண்டும் கட்டுவதற்கு ஒரு பிடிப்பு வேண்டுமே. அப்பிடிப்பு தெய்வத்துக்கு விட்ட நிலமாக இருந்தது. பகை வந்தபோதும் அறத்தை அழியாது காத்தவர்களுக்கு, பின்னாளில் பேசுவதற்கு ஒரு பொருள் எஞ்சியிருந்தது.

இனி, தமிழர் பிறநாட்டில் எவ்வாறு நடந்தனர் என்பதையும் பார்ப்போம். சீனத்தின் தென்கிழக்குக் கரையில் சுவான்சௌ என்னும் துறைமுகம் உள்ளது. அங்குத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சகாப்தம் 1203, சித்திரைத் திங்கள், அதாவது கி.பி. 1281 ஏப்ரல், அதன் காலம். சம்பந்தப்பெருமாள் என்னும் தமிழர், செகசைகான் என்னும் மன்னனின் திருமேனி நலம் பொருட்டு, அம்மன்னனின் ஆணையின்படி, அவ்வூரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. தமிழ் எழுத்துகளின் முடிவில் சீன எழுத்தில் ஒரு வரியும் உண்டு. அம்மன்னன் அந்நாளில் சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசன் குப்லாய்கான் என்பது அறிஞர் கருத்து.

பிழைக்கச் சென்ற நாட்டில் நம்மவர் நம் இறைவனை மறவாது வழிபட்டனர். அதே வேளையில் அந்நாட்டு மன்னனின் உடல்நலத்தை அவ்விறைவனிடம் வேண்டினர். அவ்வூர்ச் சிவாலயம் பின்னாளில் அழிந்தது. ஆயினும் அதன் தூண்களும் சிற்பங்களும் முற்றும் மறையவில்லை. கண்ணன் திருவிளையாடல் பொறித்த தூண்கள் இன்றும் அவ்வூர்க் கையுவான் என்னும் பௌத்தக் கோயிலைத் தாங்கி நிற்கின்றன. நாகையில் சைவர் பௌத்தருக்கு இடம் தந்தனர். சுவான்சௌவில் பௌத்தர் கோயில் நம் தூண்களுக்கு இடம் தந்தது.

இவையெல்லாம் பழங்கதை, இக்காலத்துக்குப் பொருந்துமா என்று வினவுவோர்க்கு வியட்நாம் நாட்டு மீ சன் பள்ளத்தாக்கைக் காட்டுகின்றேன். சம்பா நாட்டு மன்னர்கள் பத்திரேசுவரர் என்னும் திருப்பெயரால் சிவபெருமானை வழிபட்ட இடம் அது. நான்காம் நூற்றாண்டின் இறுதி முதல் பல நூற்றாண்டுகள் அங்குச் செங்கற் கோயில்கள் எழுந்தன. 1969இல் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளால் அவற்றுள் பல சிதைந்தன. வானளாவ நின்ற தலைமைக் கோயிலும் வீழ்ந்தது. போர் ஓய்ந்தபின், 1981ஐ ஒட்டி, போலந்து நாட்டுக் கட்டடக்கலை அறிஞர் குவியத்கோவ்ஸ்கி அங்குச் சென்றார். கண்ணிவெடிகள் புதைந்த அக்காட்டில், வியட்நாம் தொழிலாளரோடு கூடி, இடிந்த சுவர்களுக்கு முட்டுக் கொடுத்துக் காத்தார். 1997இல் அந்நாட்டிலேயே உயிர் நீத்தார். பின்னர் இத்தாலியர் ஒரு தொகுதியைச் சீர் செய்தனர். 1999இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2017 முதல் 2022 வரை இந்தியத் தொல்லியல் துறையினர் வேறு சில கோயில் தொகுதிகளைப் புதுக்கினர். அப்பணியின்போது, 2020 மே மாதத்தில், ஒரே கல்லில் அமைந்த ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் மண்ணினின்றும் வெளிப்பட்டது.

போலந்துக்காரருக்கும் பத்திரேசுவரருக்கும் என்ன உறவு? இத்தாலியருக்கு என்ன ஆதாயம்? பிறர் தெய்வத்தின் வீடு இடிந்து கிடப்பதைக் காணப் பொறாத உள்ளமே அவ்வுறவு. சாந்து தெரியாவண்ணம் செங்கல் அடுக்கும் பழஞ்சம்பர் முறையைக் கற்றுக்கொண்டு, அதற்கு இயையவே பழுது பார்க்க முயன்றார்கள். தம் நாட்டு முறையை அங்குத் திணிப்பது அவர்கள் நோக்கமன்று. கொடுப்போர் முதலிற் கற்போராக இருத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்குகின்றது.

இவ்வரலாறுகளால் நாம் கொள்ளத்தக்கது யாது? நாடுகளிடையே நல்லுணர்வு என்பது மேடையிற் பேசும் பேச்சால் மட்டும் வருவதன்று. பிறர் போற்றுவதை நாம் பேணும்போது அது வேர்கொள்ளும். பிணக்கு நேர்ந்த நாளிலும் அப்பேணுதலைக் கைவிடாதிருந்தால் நிலைபெறும்.

உபயதாரப் பெருமக்களே! தங்களிடம் உரிமையோடு ஒன்று கூற விழைகின்றேன். கடாரத்தான் நாகைப் பெருமானுக்குப் பொன் கொடுத்த செய்தியை நாம் எவ்வாறு அறிந்தோம்? கோயிற் கல்லில் இருந்த எழுத்தால் அறிந்தோம். யாரேனும் ஒருவர் அந்தக் கல்லை அழகுபடுத்தக் கருதி மணலை வீசித் தேய்த்திருந்தாலோ, அதன்மேல் வண்ணம் பூசியிருந்தாலோ, பளபளக்கும் ஓடு பதித்திருந்தாலோ, இரு நாட்டு நட்பின் சான்று ஒருநாளில் மறைந்திருக்கும். நாகைக் கடற்கரையில் நின்ற பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று 1867இல் இடித்து அகற்றப்பட்டது. நின்ற வரையில் அது கடலோடிகளுக்கு வழிகாட்டும் அடையாளமாக இருந்தது. இன்று அதன் உருவத்தைப் பழைய ஓவியத்திலேயே காண்கின்றோம்.

ஆதலின் திருப்பணி செய்வோர் பழங்கல்லைத் தொடுமுன் கல்வெட்டு வல்லாரைக் கேட்டுத் தொடுக. எழுத்துள்ள சுவரைப் படியெடுத்து வைத்துக்கொள்க. தம் உபயப் பெயரைப் பொறிப்போர் முன்னோர் பெயரின்மேல் பொறியாதிருப்பாராக. நம் பெயர் நிலைக்க வேண்டும் என்னும் ஆசை குற்றமன்று; ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உபயதாரரின் பெயரும் நிலைக்க வேண்டும் என்று எண்ணுவதே அறம்.

மற்றொன்றும் உண்டு. நம் திருக்கோயிலுக்கு அயல்நாட்டார் வருகின்றனர். அவர்களை வேடிக்கை பார்ப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. கோயில் வரலாற்றை எடுத்துரைக்கத்தக்க அன்பர் இருவரேனும் இங்கு இருத்தல் நன்று. நம் பிள்ளைகள் வெளிநாடுகளில் பணிபுரிகின்றனர்; அங்கெல்லாம் கோயில் எழுப்புகின்றனர். அவர்கள் நம் பெருமானை வணங்கும்போது, தமக்குச் சோறிட்ட அந்நாட்டின் நலத்தையும் வேண்டுவாராக. அந்நாட்டார் வழிபடும் இடத்துக்கு இடர் நேர்ந்தால் முதற்கை கொடுப்போராகவும் விளங்குவாராக. சம்பந்தப்பெருமாள் காட்டிய வழி அதுவே.

இன்று இத்திருக்கோயிலுக்கு அள்ளிக் கொடுத்த கைகள் நீடு வாழ்க! நாளை கடல் கடந்த ஓர் ஊரில், நமக்குப் பெயர் தெரியாத தெய்வத்தின் இடிந்த மதிலுக்கும் ஒரு கல் கொடுக்கும் உள்ளத்தை இறைவன் நமக்கு அருள்வானாக என்று வேண்டி அமைகின்றேன்.

வாழ்க வையகம்! வளர்க திருத்தொண்டு!